டெல்லி ஸ்டேஷன் வாசலில் 18,500 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரிதான் ஊர் திரும்பினோம், வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. டெல்லிக்கு டிக்கெட் போட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். எப்படித் தப்பிப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

புது டெல்லி ஸ்டேஷனுக்கு இரண்டு பக்கம் வாசல். 1ஆம் பிளாட்பாரம் இருப்பது பஹாட்கஞ்ச் பக்கம், 16ஆம் பிளாட்பாரம் அஜ்மேரி கேட் பக்கம். மெட்ரோ இருப்பது அஜ்மேரி கேட்டில். நாங்கள் பஹாட்கஞ்சில் இறங்கினோம். கரோல் பாகில் ரூம் ஏற்கெனவே போட்டாச்சு. ஆட்டோக்காரர், "அந்தப் பக்கம் ரோடு அடைச்சிருக்கு, ஊர்வலம்" என்றார். நம்பாவிட்டால் ஹோட்டலுக்கே பேசிப் பாருங்கள் என்று புக்கிங்கைப் பார்த்து அவர் போனிலேயே நம்பரை அழுத்திக் கொடுத்தார். எதிர்முனையில் ஒருவன், "ஆமா சார், ரூம் ஃபுல், சாரி." அவன் ஆட்டோக்காரருடைய ஆள். உண்மையான ஹோட்டல் அன்று முழுக்க ரூமை வைத்துக்கொண்டு காத்திருந்ததாம். "நீங்கதான் வரலையே" என்று அட்வான்ஸையும் தரவில்லை. அது தனிக் கதை.

அடுத்து ஆட்டோக்காரர் எங்களைக் கொண்டுபோய் விட்டது கன்னாட் பிளேஸ் பக்கத்தில் மாடியில் ஓர் 'அரசு அங்கீகாரம் பெற்ற' சுற்றுலா அலுவலகம். வாசலில் மூவர்ணப் பட்டை, சுவரில் பெரிய இந்தியா மேப். உள்ளே இருந்தவன், "வணக்கம் அண்ணா, சாப்டாச்சா?" என்றான். இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்தவனுக்கு அது போதும். இஞ்சி டீ வந்தது. டீ ஆறுவதற்குள் மூன்று ராத்திரி ரூம், லோக்கல் கார், ஆக்ரா கார், மொத்தம் 18,500 என்று பில் போட்டுவிட்டான். கியூஆரை ஸ்கேன் செய்தால் கம்பெனி பெயர் வரவில்லை, ஒரு தனி ஆள் பெயர் வந்தது. அங்கேயே கையை எடுத்திருக்க வேண்டும். ரசீதில் ஜிஎஸ்டி நம்பரும் இல்லை.

ஆக்ரா பயணம் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியிருக்கும். தினம் அதே தொழில் செய்கிறவனுக்கு இது தெரியாதா? டிரைவர் யமுனைக்கு இந்தக் கரையில் மெஹ்தாப் பாக் தோட்டத்தில் இறக்கிவிட்டு, "இங்கேருந்து நல்லா தெரியும்" என்றார். தெரிந்தது, தண்ணீருக்கு அப்பால். பிறகு மார்பிள் கடையில் ஒன்றே முக்கால் மணி நேரம்.

போன் செய்தால் முதல் நாள் "சார் மீட்டிங்". அடுத்த நாள் "சார் ஜெய்ப்பூர்ல". மூன்றாவது நாள், "ரசீதைப் பாருங்க அண்ணா, தாஜ் வியூன்னுதானே போட்டிருக்கு?" பார்த்தேன். அப்படித்தான் போட்டிருக்கிறான், பொடி எழுத்தில். அதற்கப்புறம் நம்பர் பிளாக். பேங்கில் கேட்டால், பின் நம்பர் போட்டது நீங்கள்தானே என்கிறார்கள். 18,500 ரூபாய்!

ஊரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் பங்களா சாகிப் குருத்வாரா, சீக்கியர் கோயில். ரொட்டி, கெட்டியான பருப்பு. யார், எந்த ஊர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, காசும் இல்லை. ஹுமாயூன் சமாதிக்கு மெட்ரோவில் போய் நாங்களாகவே பார்த்துவிட்டு வந்தோம். இந்தப் பயணத்தில் உருப்படியாக நடந்தது இந்த இரண்டும்தான்.

விவரமாகச் சொல்ல இப்போது பொறுமை இல்லை. ஹோட்டலுக்கு உங்கள் போனில் நீங்களே பேசுங்கள். அஜ்மேரி கேட் பக்கம் வெளியேறி மெட்ரோ பிடியுங்கள். கரோல் பாகுக்கு ராஜீவ் சவுக்கில் மாறினால் அங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷன். டெல்லி அரசின் சுற்றுலா அலுவலகம் பாபா கரக் சிங் மார்கில் இருக்கிறது, அங்கே உங்களை எந்த ஆட்டோக்காரரும் இழுத்துக்கொண்டு போக மாட்டார். வெள்ளிக்கிழமை தாஜ் கிடையாது, திங்கட்கிழமை செங்கோட்டை கிடையாது. பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கு 1930, நுகர்வோர் புகாருக்கு 1915. நான் மூன்று நாள் கழித்துத்தான் அடித்தேன்.