வங்கியைச் சோதிப்பவருக்குச் சம்பளம் யார் தருவது?

அமெரிக்காவில் ஒரு வங்கியின் பெயருக்குப் பின்னால் ‘என்.ஏ.’ என்று இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது தேசிய வங்கி. அதற்கு உரிமம் கொடுப்பது, கணக்கைப் புரட்டுவது, தேறாது என்றால் மூடச் சொல்வது எல்லாம் ஓ.சி.சி. என்ற அலுவலகத்தின் வேலை. 1863-இல், உள்நாட்டுப் போரின் நடுவே பிறந்தது. நிதித்துறைக்குள் இருந்தாலும், காங்கிரஸ் என்கிற அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தில் அது ஓடுவதில்லை. சோதிக்கப்படும் வங்கிகளே அதன் செலவைக் கட்டுகின்றன.

வசூல் ஆண்டுக்கு இருமுறை: மார்ச் 31, செப்டம்பர் 30. சொத்து பெருகப் பெருகக் கட்டண விகிதம் இறங்கும். வங்கியின் ஆரோக்கியத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு, 5தான் படுமோசம். 3 வாங்கினால் கட்டணத்தில் பாதி கூடுதல், 4 அல்லது 5 என்றால் இரட்டிப்பு. நோயாளியிடம் அதிகம் கறக்கும் வைத்தியர் மாதிரித் தோன்றும். ஆனால் சீக்காளி வங்கிக்குத்தான் ஆய்வாளர்கள் அதிக நாள் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்களே, அந்தச் சந்தேகம் இங்கே எழாமல் இருக்காது. அப்படியானால் அரசியல்வாதிகள் கையில் சாவியைக் கொடுத்தால் சரியாகுமா? ஃபானி மே, ஃப்ரெடி மாக் என்ற இரு வீட்டுக்கடன் நிறுவனங்களைக் கண்காணிக்க 1992-இல் வந்த அமைப்பின் கதையைப் பாருங்கள். பணம் அந்த இரு நிறுவனங்களுடையதுதான். ஆனால் ஆண்டுதோறும் காங்கிரஸ் அனுமதித்தால்தான் செலவழிக்கலாம். அந்த இரண்டுக்கோ காங்கிரஸில் செல்வாக்கு ஏராளம். 2008 செப்டம்பரில் இரண்டையுமே அரசு தன் பொறுப்பில் எடுக்க வேண்டிவந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு வந்த சட்டம், புதிய கண்காணிப்பு அமைப்பை அந்த வருடாந்தரக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிட்டது.

கட்டண முறையும் புனிதமல்ல. ஓ.டி.எஸ். என்ற சேமிப்பு வங்கிக் கண்காணிப்பு அலுவலகமும் கட்டணத்தில்தான் வாழ்ந்தது. 2007-இல் கன்ட்ரிவைடு என்ற பெரிய வீட்டுக்கடன் நிறுவனம், ஓ.சி.சி.யின் பிடியை விட்டு அங்கே போனது. வாஷிங்டன் மியூச்சுவல் என்ற ஒரே சேமிப்பு வங்கி ஓ.டி.எஸ். வருமானத்தில் 12 முதல் 15 சதவீதம் கொடுத்துவந்தது. அப்படிப்பட்ட படியளப்பவரைக் கடிந்துகொள்ள யாருக்கு நா எழும்? 2008 செப்டம்பர் 25-இல், சுமார் 30,700 கோடி டாலர் சொத்தோடு அது விழுந்தது. 2011-இல் ஓ.டி.எஸ். கலைக்கப்பட்டு, அதன் பணியில் பெரும்பகுதி ஓ.சி.சி.யிடம் வந்தது.

ஒரே முறை, இரண்டு விளைவு. என் கணக்கில், வங்கி பணம் கட்டுவது பெரிய கோளாறல்ல. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போக முடிவதுதான் கோளாறு.

ஆள்பலம் தனிக் கதை. வங்கி வைப்புத்தொகைக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஐ.சி.யும் காங்கிரஸை நம்பியில்லை, வங்கிகள் கட்டும் காப்பீட்டுச் சந்தாவில் வாழ்கிறது. பணத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் 2023 மார்ச்சில் சிக்னேச்சர் வங்கி சாய்ந்தபின் அது வெளியிட்ட அறிக்கையில், நியூயார்க் வட்டாரத்தில் பெரிய வங்கிகளைப் பார்க்கும் பணியிடங்களில் 2020 முதல் சராசரியாக 40 சதவீதம் காலியாகவோ தற்காலிக ஆட்களிடமோ இருந்ததாக ஒப்புக்கொண்டது. ஆய்வாளரை ஒரே நாளில் உருவாக்க முடியாது. தேர்வும் களப் பயிற்சியுமாகச் சில ஆண்டுகள் பிடிக்கும். தேறியதும் வங்கிகளே கொத்திக்கொண்டு போகும். அதனால்தான் பொது அரசு ஊதிய அட்டவணைக்கு வெளியே சம்பளம் வைக்க 1989-இல் சட்டம் வழிவிட்டது. 2023 வாக்கில் ஓ.சி.சி.யில் சுமார் 3,500 பேர், பெரும்பாலோர் ஆய்வாளர்கள். பெரிய வங்கிகளில் ஒரு குழு ஆண்டு முழுவதும் அங்கேயே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும்.

வங்கிக் கட்டணம், காங்கிரஸ் அனுமதி, காப்பீட்டுச் சந்தா என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஓ.சி.சி. வழிதான் என் தேர்வு. ஆனால் பின்வாசல் இன்னும் திறந்தே கிடக்கிறது. மாநில உரிமம் வாங்கிய சிறு வங்கியை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வோ எஃப்.டி.ஐ.சி.யோ வழக்கமாகச் சோதிப்பதற்குத் தனிக் கட்டணம் இல்லை. மாநிலத்துக்கு மட்டும் கட்டினால் போதும். தேசிய வங்கியோ முழுச் செலவையும் சுமக்கிறது. உரிமத்தை மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடமும் இருக்கிறது.