திருகோணமலை வெக்கையில் 4×5 கமரா: மூன்று வருட அனுபவம்

4×5 அங்குல பிலிம் கமரா கைக்கு வந்து மூன்று வருடமாகிறது. யன்னலோர மேசையில் வைத்த பொருட்களைத்தான் இதில் எடுக்கிறேன்: கிண்ணியாத் தயிர் வந்த மண்சட்டி, காய்ந்த தென்னம்பாளை, ஒரு சங்கு.

முதலில் எடுத்த எட்டு நெகட்டிவ்வும் வெளிறிப் போயின. கமராவில் பழுதில்லை, கணக்கில்தான் பிழை. கிட்ட இருக்கும் பொருளுக்குத் துருத்தியை, அதாவது லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே உள்ள மடிப்புக் கூட்டை, நீட்ட வேண்டும். நீட்ட நீட்ட பிலிமுக்கு வரும் வெளிச்சம் குறையும். என் லென்ஸ் 150 மி.மீ. சட்டிக்குத் துருத்தி 225 மி.மீ. வரை போகிறது. 225ஐ 150ஆல் வகுத்தால் 1.5, அதன் வர்க்கம் 2.25. லைட் மீட்டர் 4 செக்கன் காட்டினால் 9 கொடுக்க வேண்டும். அதோடும் முடியாது. நேரம் நீளும்போது பிலிம் வெளிச்சத்தைப் பிடிக்கும் வேகம் தளரும். நான் போடும் இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை பிலிமுக்கு, செக்கனை 1.26ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் அந்த 9 செக்கன் 16 ஆகிறது. இதை அட்டையில் எழுதி முக்காலியில் கட்டிய பிறகு ஒரு நெகட்டிவ்வும் வெளிறவில்லை.

கமராவின் பின்னால் பார்த்து ஃபோகஸ் செய்யும் பால்கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரிவதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. அப்போது சட்டி சட்டியாகத் தெரியாது, வெளிச்சமும் நிழலுமாகவே தெரியும். எந்தப் பக்கம் நிழல் கனக்கிறது என்று கண் உடனே பிடித்துவிடும்.

என் யன்னல் வடக்குப் பார்த்தது. சித்திரை நடுவிலிருந்து ஆவணி வரை இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் காலை வெயில் நேரே உள்ளே விழும். டிரேசிங் தாள் தொங்கவிடுவேன். கச்சான் காற்று வீசினால் யன்னலைச் சாத்தத்தான் வேண்டும், 16 செக்கனுக்குள் பாளை அசைந்துவிடும்.

பிலிமை டெவலப் பண்ணும்போது பெரிய பாடு தண்ணீர்தான். குழாயில் வருவது 30 பாகைக்குக் கிட்ட, டெவலப் நேர அட்டவணைகளோ 20 பாகைக்கு. ஐஸ் போட்டு 20இல் நிறுத்தப் பார்த்து அலுத்து, 24க்கு மாறினேன். டி-76 என்ற டெவலப்பரை ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் (1+1) கலந்தால் 11 நிமிடத்துக்குப் பதில் 8 நிமிடம் போதும். கழுவும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். சூடு கூடினால் பிலிமின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு ஊதி, நகம் பட்டாலே கீறிவிடும். அப்புறம், பிரிட்ஜில் வைத்த பிலிம் பெட்டியை எடுத்தவுடன் திறக்காதீர்கள், உள்ளே வேர்த்துவிடும். நான் முதல் நாள் இரவே எடுத்து வைக்கிறேன்.

வேகமாகப் படம் வேண்டியவர்களுக்கு இதைச் சொல்லமாட்டேன். போன மாதம் சட்டியின் நெகட்டிவ்வைத் தாளோடு ஒட்டவைத்து அதே அளவில் பிரிண்ட் போட்டேன். விளிம்பில் குயவரின் விரல் தடம் வரிவரியாக இருக்கிறது. தினமும் தயிர் எடுத்த சட்டிதான், அதுவரை நான் அதைக் கண்டதில்லை.