மட்டக்களப்பு வங்கிக் கிளையொன்றின் முறைப்பாட்டுச் சேவை

மட்டக்களப்பு நகரிலுள்ள தனியார் வங்கிக் கிளையொன்றில், ஆகக்குறைந்த மீதி இல்லையென்று என் தாயாரின் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதந்தோறும் கட்டணம் கழிக்கப்பட்டு வந்தது. முன்னறிவித்தல் எதுவும் வரவில்லை. அலுவலர்கள் மரியாதையாகப் பேசினார்கள். கணக்குக்கூற்றையும் உடனே தந்தார்கள். ஆனால் கழித்த பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, வங்கிகளை மேற்பார்வை செய்யும் அமைப்பின் தீர்மானம் வரும்வரை பொறுத்திருக்குமாறு முகாமையாளர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. இதேபோல் பிரித்தானியாவில் மேலதிகப்பற்றுக் கட்டணம் (கணக்கிலுள்ளதைவிடக் கூடுதலாகப் பணம் எடுத்தால் அறவிடும் கட்டணம்) பற்றிய முறைப்பாடுகளை நிறுத்திவைக்க 2007இல் வங்கிகளுக்கு அனுமதி கிடைத்தது. அக்கட்டணங்கள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 2009 நவம்பரில் வங்கிகளுக்குச் சார்பாக முடிந்தபோது, காத்திருந்தோரில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே தீர்மானம் தாமதிக்கும் காலத்திலும் உரிமையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முறைப்பாட்டை முதலில் வங்கிக்கே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் பிரதியொன்றை வைத்திருந்தால், பதில் திருப்தி தராதபோது இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். எழுத்தில் கொடுத்த பின்னரே எங்களுக்குத் தொகையின் ஒரு பகுதி திரும்பி வந்தது. மீதிக்கு இன்னும் பதிலில்லை. ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வாழும் முதியவர்களுக்கு இக்கிளையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.