ஆண்டிப்பட்டி தொகுதி வரலாறு: 80 ரூபாய்க்கு வாங்கிய சிறு புத்தகம்

தேனியில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அன்று இரவே படித்து முடித்துவிட்டேன்.

1984 பற்றிய பக்கங்களுக்கே கொடுத்த காசு சரியாகப் போய்விட்டது. எம்.ஜி.ஆர். நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில் இருக்கிறார், தொகுதிப் பக்கம் ஒரு நாள்கூட வரவில்லை, ஆனாலும் ஜெயிக்கிறார். அவர் சிகிச்சையில் இருக்கும் காட்சிகளைத் திரையில் காட்டி ஓட்டுக் கேட்டதை என் அம்மா இப்போதும் சொல்வார். அதே கதையை அச்சில் பார்த்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா அழுதுவிட்டார்.

அப்புறம் 2019 இடைத்தேர்தல். அண்ணன் தம்பியான மகாராஜனும் லோகிராஜனும் தி.மு.க., அ.தி.மு.க. வேட்பாளர்களாக மோதியதையும், 2021-இல் அதே இருவர் மீண்டும் நின்றதையும், இரண்டு முறையும் மகாராஜன் வென்றதையும் நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

பெரிய குறை, கடைசி அட்டவணையில் பொதுத்தேர்தல்கள் மட்டும்தான் இருக்கின்றன. 2001-இல் ஜெயித்த தங்க தமிழ்ச்செல்வன் பதவி விலகி, 2002 இடைத்தேர்தலில் ஜெயலலிதா வென்று சட்டமன்றம் போனது அதில் இல்லை. இடைத்தேர்தலை விட்டுவிட்டு ஆண்டிப்பட்டிக்கு என்ன வரலாறு? எழுத்தும் ரொம்பப் பொடி. அம்மாவால் தானாகப் படிக்க முடியவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். நம் பக்கத்து ஆட்கள் வாங்கலாம்.