கன்ட்ரோல் சார்ட்: இரண்டு சிக்மாவா, மூன்று சிக்மாவா?

25 மி.மீ. மோட்டார் ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தைக் கிரைண்டிங் செய்கிறோம் என்று வையுங்கள். கே6 ஃபிட் (பேரிங் சரியாக உட்கார ஷாஃப்டுக்குக் கொடுக்கும் அளவு வரம்பு), அதாவது 25.002 முதல் 25.015 மி.மீ. வரை. மணிக்கு ஒருமுறை ஐந்து ஷாஃப்ட் அளந்து, சராசரியைக் கன்ட்ரோல் சார்ட்டில் ஒரு புள்ளியாகக் குறிக்கிறோம்; புள்ளி மேல் கோட்டையோ கீழ்க் கோட்டையோ தாண்டினால் அலாரம். ஷாஃப்டுக்கு ஷாஃப்ட் சிதறல், அதாவது சிக்மா, 2 மைக்ரான் (0.002 மி.மீ.). ஐந்தின் சராசரிக்குச் சிதறல் குறைவு: 2-ஐ √5-ஆல் வகுத்தால் சுமார் 0.9 மைக்ரான். கோடு போடுவது இந்தச் சிக்மாவை வைத்துத்தான். சராசரி 25.0085.

மூன்று சிக்மா போட்டால் கோடுகள் 25.0058, 25.0112. இரண்டு சிக்மா போட்டால் 25.0067, 25.0103.

இரண்டு சிக்மா கேட்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சராசரி 2 மைக்ரான் நகர்ந்துவிட்டால் மூன்று சிக்மா கோடு அதைப் பிடிக்கச் சுமார் நாலரை புள்ளி ஆகும்; இரண்டு சிக்மாவுக்கு இரண்டு புள்ளிகூட ஆகாது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரச் சரக்கு மிச்சம்.

சரி, எதுவுமே நகராத நாளில்? மூன்று சிக்மாவில் 370 புள்ளிக்கு ஒரு வீண் அலாரம். இரண்டில் 22-க்கு ஒன்று. மூன்று ஷிஃப்டும் ஓடும் மெஷினில் ஏறக்குறைய தினமும் ஒன்று.

வீண் அலாரம்தானே, பார்த்துவிட்டு விட்டுவிடலாம் என்று தோன்றும். யாரும் விடுவதில்லை. 25.0105 வந்ததும் ஆபரேட்டர் 2 மைக்ரான் இறக்கி ஆஃப்செட் (மெஷினில் போடும் அளவுத் திருத்தம்) கொடுப்பார். அதற்குத்தானே கோடு போட்டுக் கொடுத்திருக்கிறோம்! ஒழுங்காக ஓடிய சராசரி இப்போது 25.0065. நூறில் ஒரு ஷாஃப்ட் 25.002-க்குக் கீழே போகும். அளவு கூடினால் இன்னொரு பாஸ் ஓட்டிச் சரிசெய்யலாம். குறைந்தால் ஸ்கிராப்தான். அதனால் ஆஃப்செட்டைத் தொடுவதற்கு மூன்று சிக்மாதான் என் கட்சி. 1924-இல் அமெரிக்கரான வால்டர் ஷூவார்ட் முதல் கன்ட்ரோல் சார்ட்டை வரைந்த காலத்திலிருந்து அது நிலைத்திருப்பதற்கும் இந்தச் செலவுக் கணக்குதான் காரணம்.

இரண்டு சிக்மா கோட்டையும் அழிக்க வேண்டாம், எச்சரிக்கைக் கோடாக இருக்கட்டும். அதைத் தாண்டினால் உடனே இன்னும் ஐந்து அளக்க வேண்டும், அவ்வளவுதான். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் வகுத்த, புள்ளிகளின் வரிசையைப் பார்த்தும் அலாரம் கொடுக்கும் நான்கு விதிகளையும் சேர்த்துப் போட்டாலோ, 370 புள்ளிக்கு ஒன்று என்ற வீண் அலாரம் 92-க்கு ஒன்று ஆகிவிடும்.

அப்புறம், சிக்மாவை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஐந்தைந்தாக எடுத்த ரேஞ்சின் (ஐந்தில் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசம்) சராசரியை 0.577-ஆல் பெருக்குங்கள்; நடுக்கோட்டிலிருந்து மூன்று சிக்மா கோடு இருக்க வேண்டிய தூரம் நேராகவே கிடைக்கும். மாத டேட்டா முழுவதையும் எக்செல்லில் கொட்டி எடுத்த சிக்மாவில் வீல் தேய்மானமும் கலந்திருக்கும். கோடுகள் அகன்று, பிடிக்க வேண்டிய நகர்வே உள்ளே ஒளிந்துகொள்ளும்.