பட்ஜெட் தோற்றால் யார் வீட்டுக்குப் போவது?

பட்ஜெட் சட்டமாக, சபை வாக்களித்தே ஆகவேண்டும். வாக்கெடுப்பில் தோற்றால் என்ன ஆகும் என்பதில்தான் நாடாளுமன்ற முறையும் அமெரிக்க அதிபர் முறையும் பிரிகின்றன.

இந்தியா, கனடா போன்ற நாடாளுமன்ற முறையில் ஆட்சியே கவிழும். 1979 டிசம்பரில் கனடாவில் பிரதமர் ஜோ கிளார்க் அரசின் பட்ஜெட்டுக்கு எதிரான தீர்மானம் 139-133 என நிறைவேறியது, உடனே தேர்தல். இந்தப் பயத்தால் ஆளுங்கட்சி வரிசையில் முணுமுணுப்புகூடக் கேட்காது. நம் மக்களவையில் மானியக் கோரிக்கைகள், அதாவது செலவுக்குப் பணம் கேட்கும் கோரிக்கைகள், அமைச்சகவாரியாக வரும். ஆனால் கடைசி நாளில் ‘கில்லட்டின்’ விழும்: விவாதத்துக்கே வராத கோரிக்கைகள் மொத்தமாக வாக்குக்குப் போகும். கோடிக்கணக்கான ரூபாய், சில நிமிடங்களில்! பிறகு செலவுக்கு நிதி ஒதுக்க மசோதா, வரிக்கு நிதி மசோதா. மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அதன் பரிந்துரையை ஏற்பதும் ஏற்காததும் மக்களவை இஷ்டம்.

அமெரிக்காவில் வழக்கமாக 12 செலவு மசோதாக்கள். இரு அவைகளும் ஒரே வாசகத்தை நிறைவேற்றி, அதிபர் கையெழுத்திட வேண்டும். அக்டோபர் 1-க்குள் இழுபறி தீராமல், இடைக்கால ஒதுக்கீடும் கிடைக்காவிட்டால் அதிபர் நாற்காலி அசையாது, அலுவலகங்கள்தான் மூடப்படும். 2018-19இல் 35 நாள் அப்படி நடந்தது.

கணக்கை உறுப்பினர்கள் உண்மையிலேயே திருத்த வேண்டுமென்றால் அமெரிக்க முறை மேல். ஊழியருக்குச் சம்பளம் தடையின்றி வர வேண்டுமென்றால் நம்முடையது.