டிராஃப்டிங் பாடம்: வக்கீலாகி ஏழு வருடம் கழித்து

சட்டக் கல்லூரியில் கடைசி செமஸ்டர் முடியும்போது ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கருத்துப் படிவம் கொடுத்தார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். அடியில் ‘இதர கருத்துகள்’ என்று இரண்டு கோடு. மனுவும் பத்திரமும் எழுதக் கற்றுத் தரும் டிராஃப்டிங் பாடத்துக்கு எல்லாவற்றிலும் நான்கு போட்டுவிட்டு, அந்தக் கோட்டில் ‘மாதிரிப் படிவங்கள் இன்னும் நிறையக் கொடுத்தால் நன்றாக இருக்கும்’ என்று எழுதினேன். அது 2017. அடுத்த வருடம் பார் கவுன்சிலில் பதிவு செய்து, ஈரோடு மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில் சிவில் வழக்குகள் பார்க்கும் சீனியரிடம் சேர்ந்தேன். ஏழு வருடமாகிறது. அன்று எழுதிய அந்த ஒரு வரி தவறு என்று இப்போது உறுதியாகத் தெரிகிறது. இந்த வருடம் அந்தப் பாடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பாடத்தின் முழுப் பெயர் ‘டிராஃப்டிங், பிளீடிங் அண்ட் கன்வேயன்ஸிங்’; எல்லோரும் டி.பி.சி. என்போம். பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2008 சட்டக் கல்வி விதிகளில் கட்டாயம் என்று வைத்திருக்கும் செயல்முறைப் பாடங்களில் இது ஒன்று. வழக்குரை எழுதுவதில் 15 பயிற்சி, பத்திரம் எழுதுவதில் 15 பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண். ஆக 90. மீதி 10 வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு. பிராது (வாதி வழக்குப் போடும் மனு), எதிருரை (அதற்குப் பிரதிவாதி தரும் பதில்), இடைக்கால மனு, நிறைவேற்று மனு, மேல்முறையீடு, ஜாமீன் மனு, ரிட் மனு ஒரு பக்கம். கிரயம், அடமானம், குத்தகை, தானம், உயில், பவர், டிரஸ்ட் மறுபக்கம். பட்டியலில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரு முன்சீப் கோர்ட் வக்கீலுக்கு வேண்டியது பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது.

நடந்தது வேறு. முப்பது பயிற்சியையும் ரெக்கார்ட் நோட்டில் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். போன வருட சீனியர்களின் நோட்டு விடுதியில் அறை அறையாகச் சுற்றும். அதைப் பார்த்து இரண்டு வாரத்தில் முப்பதையும் எழுதிவிடுவோம். எங்கள் வகுப்பில் கிட்டத்தட்ட எல்லோருடைய பிராதிலும் ஒரே வாதி, ஒரே பிரதிவாதி, ஒரே சர்வே எண். சொத்து விவரத்தில் கிழக்கும் மேற்கும் இடம் மாறி இருந்ததுகூட எல்லா நோட்டிலும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்தும் தேதியும் விழுந்து நோட்டு திரும்பி வந்தது. எனக்கு 90-க்கு 81. அந்த 81-ஐ நம்பித்தான் நான் நீதிமன்றத்துக்குப் போனேன் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அதே பாடத்தில் ஒரே ஒரு நல்ல காரியம் நடந்தது. சனிக்கிழமைகளில் வகுப்பெடுக்க வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் ரெக்கார்ட் நோட்டை ஓரமாக வைக்கச் சொன்னார். இரண்டு பேரைக் கட்சிக்காரர்களாக உட்கார வைத்து, முன்பணம் வாங்கிய வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்து தராத கதையை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார். கேட்டதை வைத்துச் சம்பவங்களை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள், ஒரு பக்கம் போதும் என்றார். என் தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஐந்து இடத்தில் ‘எப்போது?’ என்றும், இரண்டு இடத்தில் ‘யார் சொன்னது?’ என்றும் எழுதியிருந்தது. கடைசிப் பத்தி முழுக்க அடிபட்டு, ‘இது சாட்சியம், பிராதில் வராது’ என்று இருந்தது. திருத்தி எழுதிக் கொடுத்தேன், மறுபடி திரும்பி வந்தது. மூன்றாவது முறைதான் வாங்கிக்கொண்டார். மூன்று மதிப்பெண்ணுக்கு மூன்று வாரம் போய்விட்டது. வகுப்பில் முணுமுணுப்பு எழுந்தது, நானும் முணுமுணுத்தேன். அதன் பிறகு மற்ற பயிற்சிகளுக்கு நேரமில்லை என்று அந்த முறையையே விட்டுவிட்டார்கள்.

உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 6-ஆவது கட்டளை 2-ஆவது விதியைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருந்தேன்: வழக்குரையில் முக்கியமான சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், அவற்றை நிரூபிக்கும் சாட்சியத்தைச் சொல்லக்கூடாது. அந்த விதி எனக்குப் புரிந்தது தேர்வுத் தாளில் அல்ல, அந்தச் சிவப்பு மையில்.

இனி, வேலைக்கு வந்த பிறகு நடந்தது. ஒரு வழக்கை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். 2023 ஆவணி மாதம் எழுபதைத் தாண்டிய ஒரு ஆத்தா ஆபீசுக்கு வந்தார். அவர் காட்டுக்குப் போகிற வண்டித்தடம் பக்கத்துக் காட்டுக்காரர் பூமி வழியாகப் போகிறது. அதில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். சீனியர் என்னிடம், “ஆத்தா சொல்றதைக் கேட்டு ஒரு பிராது போட்டுட்டு வாம்மா” என்றார். நான் மாதிரிப் புத்தகத்தைத் திறந்தேன். நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது ஒரு காரியத்தைச் செய்யக் கூடாது என்று கோர்ட் போடும் நிரந்தரத் தடை, கேட்கும் பிராது எடுத்த எடுப்பிலேயே கிடைத்தது. ‘தாவா சொத்து வாதிக்குப் பூரண பாத்தியப்பட்டு, வாதியின் சுவாதீன அனுபவத்தில் இருந்து வருகிறது’ என்று அதில் இரண்டாவது பத்தி ஆரம்பிக்கும். பெயரையும் புல எண்ணையும் மாற்றி அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

சீனியர் அந்த வரியில் விரலை வைத்தார். “இந்தத் தடம் யாரு பூமியிலம்மா இருக்கு?”

பக்கத்துக் காட்டுக்காரர் பூமியில் இருக்கிறது. அடுத்தவர் நிலத்தின் மேல் வழிநடை பாத்தியம் கேட்கிறவர், அந்த நிலமே என்னுடையது என்று பிராதில் சொன்னால் பாத்தியம் கேட்கவே முடியாது. தன் சொந்த நிலத்தின் மேல் ஒருவருக்கு வழிநடைப் பாத்தியம் என்று தனியாக ஒன்று கிடையாது. புத்தகத்தில் இருந்த ஒரு அழகான வரி அந்த ஆத்தாவின் வழக்கை முதல் பக்கத்திலேயே முடித்திருக்கும். இலக்கணப் பிழை இல்லை, படிவத்தில் குறை இல்லை; கல்லூரியில் அதற்கு மூன்றுக்கு மூன்று கிடைத்திருக்கும்.

மறுபடி ஆத்தாவை உட்கார வைத்துக் கேட்டேன். 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டம் 15-ஆவது பிரிவின்படி, தடையில்லாமல், பகிரங்கமாக, உரிமையாக 20 வருடம் பயன்படுத்தி வந்திருக்க வேண்டும். அந்த 20 வருடமும் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் வந்து முடிய வேண்டும். ஆகவே எப்போதிலிருந்து நடந்தார், எப்போது அடைத்தார்கள் என்ற இரண்டு தேதியும் வழக்குக்கு உயிர். எப்போது அடைத்தார்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: “ஆடிப்பெருக்குக்கு மக்யா நாளு கண்ணு. மாரியாத்தா கோயல்ல கூழு ஊத்துனாங்க. நான் கூழு வாங்கீட்டு வாரேன், தடத்துல முள்ளு கெடக்குது.” அந்த வருடம் ஆடி 18 ஆகஸ்ட் 3, வியாழன். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றியிருக்கிறார்கள். 4.8.2023. எப்போதிலிருந்து நடக்கிறார் என்பதற்கு அவர் கல்யாணமாகி வந்த வருடத்தையும் மூத்த மகன் பிறந்த வருடத்தையும் வைத்துக் கணக்குப் போட்டோம். ஐம்பது வருடத்துக்கு மேல் வந்தது. கூழும் கோயிலும் பிராதில் வரவில்லை. அவை பிறகு அவர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டிய சாட்சியம். தேதி மட்டும் வழக்கு மூலப் பத்தியில், அதாவது வழக்குப் போடக் காரணம் எப்போது, எப்படி எழுந்தது என்று சொல்லும் பத்தியில், ஏறியது. அந்தச் சனிக்கிழமை வக்கீல் என் தாளில் எழுதிய ‘எப்போது?’, ‘இது சாட்சியம்’ என்ற இரண்டு குறிப்பும் அன்று எனக்கு வேலைக்கு வந்தன.

அந்தப் பிராதும் ஒரு தடவை கோர்ட்டிலிருந்து திரும்பத்தான் செய்தது. தடத்துக்குத் தனியாக நான்கெல்லை காட்டவில்லை, அகலம் சொல்லவில்லை, வரைபடத்தில் நிறம் குறிக்கவில்லை என்று. அசையாச் சொத்தை அடையாளம் காணும்படி விவரிக்க வேண்டும் என்று 7-ஆவது கட்டளை 3-ஆவது விதி சொல்கிறது. கல்லூரியில் கிழக்கும் மேற்கும் மாறியதை நாங்கள் கவனிக்காமல் விட்டது இந்த இடத்தில்தான் வந்து நின்றது.

எதிருரைக்கும் இதே கதிதான். ‘பிராதில் கண்ட சங்கதிகள் யாவும் உண்மைக்குப் புறம்பானவை, அவற்றை வாதி கண்டிப்பாக நிரூபிக்கக் கடமைப்பட்டவர்’ என்ற ஒரே வாக்கியத்தை எல்லா நோட்டிலும் எழுதினோம். குறிப்பாக மறுக்காத சங்கதி ஒப்புக்கொண்டதாகவே கருதப்படும் என்பது 8-ஆவது கட்டளை 5-ஆவது விதி. பத்தி பத்தியாக எடுத்து, இது சரி, இது தவறு, இதில் இவ்வளவு மட்டும் சரி என்று பிரித்து மறுக்க எங்களை ஒருநாளும் உட்கார வைக்கவில்லை.

எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை தமிழ். பாடம் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போகிறவர்களுக்கு அது சரி. தாலுகா நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் பேசுகிறார், ஆவணம் தமிழில் இருக்கிறது, கட்சிக்காரர் தன் பிராதைப் படித்துப் பார்த்து, ‘இதில் கண்டவை என் அறிவுக்கு உட்பட்டு உண்மை’ என்று கையெழுத்துப் போடுகிறார். அவருக்குத் தெரியாத மொழியில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. தமிழில் எழுதலாம் என்று உட்கார்ந்தபோது வார்த்தை வரவில்லை. காஸ் ஆஃப் ஆக்‌ஷன் என்று தெரியும். வழக்கு மூலம் என்று தெரியாது. இன்ஜங்ஷன் தெரியும், உறுத்துக்கட்டளை தெரியாது. உரிமை இன்னாருக்கு என்று கோர்ட் அறிவிக்கும் டிக்ளரேஷனுக்கு விளம்புகை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஆபீஸ் குமாஸ்தா. முப்பது வருடக் கட்டுகளைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்தப் பழைய பிராதுகளில் ஒரு வாக்கியம் ஒன்றரைப் பக்கம் ஓடும், ‘மேற்படி மேற்படி’ என்று போய்க்கொண்டே இருக்கும். அதையும் அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது என்று பிறகு நானாகத்தான் கற்றுக்கொண்டேன். வார்த்தையை அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டேன். வாக்கியத்தை என் அளவுக்கு வெட்டிக்கொண்டேன். சாதாரணத் தமிழில், ஒரு பத்திக்கு ஒரு சங்கதி என்று எழுதிய பிராதைக் கட்சிக்காரரிடம் படித்துக் காட்டினால், “இல்லைங்க, அது அப்படியில்லை” என்று அங்கேயே நிறுத்திவிடுவார். எத்தனையோ தவறு அப்படித் தடுக்கப்பட்டிருக்கிறது. 2022-ல் எஸ்.பி.ஐ. எதிர் அஜய் குமார் சூத் வழக்கில் உச்ச நீதிமன்றம், தீர்ப்புகள் படிக்கிறவருக்குப் புரிய வேண்டும், பத்திகளுக்கு எண் வேண்டும் என்று எடுத்துச் சொன்னது. நீதிபதிக்கே அது பொருந்தும்போது நமக்கு எத்தனை மடங்கு பொருந்தும்.

பத்திரப் பாதியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உயிலுக்கு இரண்டு சாட்சி, நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலக் கிரயத்துக்குப் பதிவு என்ற அடிப்படை நன்றாகவே பதிந்தது, இன்றும் பயன்படுகிறது. ஆனால் தானப் பத்திரம் கற்றுக் கொடுத்தார்கள். இங்கே அப்பா மகனுக்கும் அம்மா மகளுக்கும் எழுதுவது செட்டில்மெண்ட், குடும்பத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வைச் சலுகை உண்டு. ஏழு வருடத்தில் செட்டில்மெண்ட் எழுதியதற்கு எனக்குக் கணக்கே இல்லை.

மறக்காமல் சொல்ல வேண்டிய இன்னொரு நல்ல வகுப்பு, செக் வழக்கு. கரும்பலகையில் ஒரு நீளக் கோடு போட்டார்கள். செக் பணமாகாமல் திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் வந்து 30 நாளுக்குள் அறிவிப்பு, அறிவிப்பு கிடைத்து 15 நாள் பணம் கட்ட அவகாசம், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். அந்தக் கோட்டை இப்போதும் ஒவ்வொரு செக் கட்டின் மேலட்டையிலும் பென்சிலால் போட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறேன். படிவம் கொடுக்காமல் காரணத்தைக் கொடுத்த வகுப்பு அது. மனப்பாடம் செய்த ஜாமீன் மனுப் படிவமோ 2024 ஜூலை 1-ஆம் தேதி புதிய குற்றவியல் சட்டங்கள் வந்ததும் பழசாகிவிட்டது. ஜாமீன் பிரிவை 439 என்று எழுதிப் பழகிய கை 483 என்று எழுதச் சில மாதம் தடுமாறியது.

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் முதல் வருடத்திலேயே ஆசிரியர் மேற்பார்வையில் ஒரு எழுத்துப் பயிற்சி இருக்க வேண்டும், அதற்குப் பின் இன்னொன்றாவது வேண்டும் என்று அங்கத்திய பார் அசோசியேஷனின் தர விதி சொல்கிறது. நமக்கு அந்த விதியைக் காப்பியடிக்கத் தேவையில்லை. ஆனால் ஐந்து வருடம் படிக்கிற பிள்ளை கடைசி வருடத்தில்தான் முதல் பிராதைப் பார்க்கிறது என்பது மிகத் தாமதம்.

ஆசிரியர்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. விதியில் இருக்கிறபடி முப்பது பயிற்சியும் இருக்கட்டும். அதில் மூன்றை மட்டும் படிவம் கொடுக்காமல், ஒரு ஆளைக் கதை சொல்ல வைத்து எழுதச் சொல்லுங்கள். ஒன்றாவது தமிழில் இருக்கட்டும். அந்த மூன்றையும் சிவப்பு மையோடு இரண்டு முறையாவது திருப்பிக் கொடுங்கள். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், கருத்துப் படிவத்தில் குறைத்துக்கூடப் போடுவார்கள். தயவு செய்து அதற்காக விட்டுவிடாதீர்கள்.

ஆத்தாவின் வழக்கில் இடைக்கால உத்தரவு கிடைத்து முள்ளை எடுத்துவிட்டார்கள். விசாரணை இன்னும் நடக்கிறது; அடுத்த வாய்தாவுக்கு அவரைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்.